தெப்பக்குளத்தில் ஒரு சுற்று: புதிதாக நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்காதீர்கள். போக ஐந்து நிமிடம், திரும்பி வர ஐந்து நிமிடம். தெருமுனைப் பால் கடை வரைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். இதைச் சொன்னதும் என் கடைக்கு வருகிறவர்களின் முகம் சுருங்கிவிடும். "பத்து நிமிஷத்துல என்னக்கா ஆகப்போகுது?" என்பார்கள். பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த நாளும் போவீர்கள். முதல் மாதத்தில் அது ஒன்றுதான் வேண்டும்.

மதுரையில் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். முன்பாவது மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் மாட்டிய பிறகு அதுவும் போயிற்று. அதனால் கடை திறப்பதற்கு முன்னால் குளத்தைச் சுற்றி நடப்பது பல வருடப் பழக்கம். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள், இன்ச் டேப் இடுப்பைச் சுற்றுகிற நேரம் பார்த்துத்தான் நடையைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். ஆண்களுக்கும் இதேதான், துணி விஷயத்தைத் தவிர.

ஜனவரி முதல் வாரத்தில் குளக்கரையில் நிற்க இடமிருக்காது. புது டி-ஷர்ட், புது ஷூ, கையில் புது வாட்ச். தைத் தெப்பத் திருவிழாவுக்கு மைய மண்டபத்தில் விளக்குப் போடுகிற நேரம் வந்தால் அதில் பாதிப் பேரைக் காணோம். முதல் நாளே மூன்று சுற்று சுற்றியிருப்பார்கள். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கும். "ஒரு நாள் விட்டு நடப்போம்" என்று நினைத்து, அந்த ஒரு நாள் ஒரு வாரமாகி, அப்புறம் அவ்வளவுதான். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கிற நாண்களுக்கும் எலும்புக்கும் அதைவிட அதிக நாள் வேண்டும். அதனால்தான் "எனக்கு மூச்சே வாங்கலையே, இன்னும் ரெண்டு சுற்று போகலாமே" என்று தோன்றுகிற மூன்றாவது வாரத்தில் நிறையப் பேருக்குக் குதிகால் வலி வருகிறது. லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து, சுருங்க விட்டுக் காயவைத்துத்தான் வெட்டுவோம். அவசரப்பட்டால் முதல் சலவையிலேயே ஜாக்கெட் இழுத்துக்கொள்ளும். உடம்புக்கும் அந்த நனைக்கிற காலம் வேண்டும்.

எனவே முதல் வாரம் 10 நிமிடம், இரண்டாவது வாரம் 15, மூன்றாவது வாரம் 20. நான்காவது வாரம் ஏற்றாமல் 20லேயே நில்லுங்கள். அதற்குப் பிறகு 25, அப்புறம் 30. வாரத்தில் ஐந்து நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடுகிறது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் கிடைக்காதவர்கள் காலையில் பதினைந்து, ராத்திரி பதினைந்து என்று பிரித்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்காரிகளிடம் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை என்பேன். அதுவும் கணக்கில் சேரும்.

எங்கே நடப்பது? வீட்டு வாசலிலிருந்து தொடங்கினால் உத்தமம். நடப்பதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் போகிற ஏற்பாடு மழை வந்தால் நின்றுபோகும், பெட்ரோல் தீர்ந்தாலும் நின்றுபோகும். எனக்கு வாய்த்தது தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் கட்டியது. ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். கரையை ஒட்டி ஒரு சுற்று வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர். மெதுவாகப் போகிறவருக்குப் பதினெட்டு நிமிடம், நன்றாக நடக்கிறவருக்குப் பன்னிரண்டு. இப்படி அளவு தெரிந்த ஒரு சுற்று உங்களுக்கும் வேண்டும். கோயில் வீதியோ, பள்ளி மைதானமோ, காலனிக்குள் நாலு தெருவோ, ஒரு தடவை வண்டியில் போய் மீட்டரைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். தேறியிருக்கிறீர்களா என்று பின்னால் பார்க்க அதுதான் உதவும்.

நடைபாதை இல்லாத ரோட்டில் நடக்க வேண்டி வந்தால் வலது ஓரமாகப் போங்கள். நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போவதால், வலது ஓரத்தில் போகிறவருக்கு எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வருகிற மினி பஸ்ஸை நம்பி நடக்க முடியாது. இருட்டோடு கிளம்புகிறவர்கள் வெளிர் நிறத் துணி போடுங்கள். காதில் பாட்டு மாட்டுவதாக இருந்தால் ஒரு காதில் மட்டும். தெரு நாய்களுக்கு ஓடாதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். நின்று, மெல்ல விலகி, வேறு தெருவில் திரும்புங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

இனி வேகம். முதல் மூன்று வாரம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நான்காவது வாரத்திலிருந்து கொஞ்சம் முடுக்க வேண்டும், இல்லையென்றால் அது காற்று வாங்குவதோடு சரி. தெப்பக்குளத்தில் நாலு பேர் வரிசையாகக் கைகோத்த மாதிரி, மருமகள் கதையை முழுசாகப் பேசிக்கொண்டு நடப்பார்கள். மனசுக்கு நல்லது, மறுக்கவில்லை. நெஞ்சுக்கு அது பத்தாது. சரியான வேகம் எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. முழுப் பாட்டு வருகிறதென்றால் மெதுவாகப் போகிறீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்கு நிற்கிறீர்கள் என்றால் அதிகம். எண்ணிப் பார்க்கப் பிடிக்குமென்றால் பதினைந்து விநாடியில் 25 அடி விழ வேண்டும். நிமிடத்துக்கு 100 அடி. பெரும்பாலானவர்களுக்கு மிதமான வேகம் என்பது அதுதான்.

அரை மணி நேரம் பழகியவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி மாற்றி மாற்றி ஐந்து தடவை. ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நடுவயதுக்காரர்களையும் வயதானவர்களையும் இப்படி நடக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குக் கால் பலமும் மூச்சுத் திறனும் கூடியது. ரத்த அழுத்தமும் இறங்கியது. தெப்பக்குளத்தில் இதற்குக் கடிகாரமே வேண்டாம். ஒரு கரை ஏறக்குறைய முந்நூறு மீட்டர். எட்டி நடந்தால் மூன்று நிமிடம். ஆகவே கோயில் இருக்கிற வடகரையில் வேகம், அடுத்த கரையில் மெதுவாக, அதற்கடுத்ததில் மறுபடி வேகம். மூலை திரும்பினால் வேகம் மாற வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எப்போதும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் சாவகாசமாக இருக்கட்டும்.

வேகமாகப் போகச் சொன்னால் எல்லோரும் காலை நீட்டி நீட்டி வைக்கிறார்கள். வேண்டாம். சின்ன அடியாக, அதிக அடியாக வையுங்கள். நீட்டி வைத்தால் குதிகால் தரையில் மோதி முழங்காலில் போய் இடிக்கும். முழங்கையை மடக்கிக் கையை வீசினால் கால் தானாக வேகம் பிடிக்கும். பார்வை பதினைந்து அடி முன்னால். போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவர்களுக்குக் கழுத்து வலியும் வரும், குளக்கரைக் கல்லும் தடுக்கும்.

பத்தாயிரம் அடி என்கிற கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது மருத்துவர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்த எண் இல்லை. 1965இல் ஜப்பானில் ஒரு கடிகார நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டபோது அதற்குப் பத்தாயிரத்தை வைத்துப் பெயர் சூட்டியது. எண் ஒட்டிக்கொண்டது. நடந்தால் நல்லதுதான், ஆனால் எட்டாயிரத்தில் நின்றுவிட்டோமே என்று ராத்திரி பத்து மணிக்கு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே உலாத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. நிமிடத்தை எண்ணுங்கள்.

ஷூ. முதல் வாரத்துக்கு வேண்டாம், பின்பக்கம் வார் உள்ள செருப்பு போதும். ஹவாய் செருப்பு மட்டும் கூடாது. அது கழன்று விழாமல் இருக்கக் கால்விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், பாதம் வலிக்கும். மூன்று வாரம் தாண்டி நிலைத்துவிட்டீர்கள் என்றால் ஷூ வாங்குங்கள். சாயங்காலம் போய் வாங்க வேண்டும். பகல் முழுக்க நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேண்டும். நடக்கும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஷூவை மடக்கிப் பார்த்தால் விரல்கள் மடங்குகிற இடத்தில்தான் மடங்க வேண்டும்; பாதத்தின் நடுவில் மடங்குவது உதவாது. விலை அதிகம் என்பதற்காக நல்லது என்று இல்லை. குதிகால் பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்துவிட்டால், மேலே புதுசாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன், இது என் தொழில். புடவையோடு நடக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பாவாடையில்தான். நாலு பீஸ் பாவாடை கெண்டைக்கால் பக்கம் இழுத்துப் பிடிக்கும், அடி எட்டாது. ஆறு பீஸ் பாவாடையாகத் தைத்துக்கொள்ளுங்கள், கணுக்காலுக்கு மேலே நிற்கிற உயரத்தில். கயிறு மாதிரி நாடாவை இறுக்கிக் கட்டினால் வியர்வையோடு சேர்ந்து இடுப்பில் அரித்துப் புண்ணாகும். அகலமான பட்டை நாடா போடச் சொல்லுங்கள், கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். நைலக்ஸ், ஷிபான் வேண்டாம், பழைய சுங்குடிப் புடவை போதும். சுடிதார் போடுகிறவர்கள் டாப்ஸில் பக்கத்துத் தையலைப் பிரித்து உள்ளே ஒரு பை வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, எந்தத் தையற்கடையிலும் செய்து தருவார்கள். வீட்டுச் சாவி, போன், பத்து இருபது ரூபாய், எல்லாம் அதற்குள் போய்விடும். கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீசாது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு முடிந்துவிடுங்கள். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் உள்ளே முழங்கால் வரைக்குமான காட்டன் ஸ்லாக்ஸ் போட்டுக்கொண்டு, போவதற்கு முன் கொஞ்சம் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டால் சரியாகிவிடும். இதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் கேட்காமல், நடையையே விட்டுவிட்ட பெண்கள் உண்டு.

நேரம் உங்கள் இஷ்டம். காலைதான் நல்லது, மாலை கூடாது என்பதெல்லாம் இல்லை. ஆனால் தெப்பக்குளத்தில் மாலையில் தள்ளுவண்டிகளும் குழந்தைகளும் வந்துவிடுவதால் எட்டி நடக்க வழியிருக்காது. சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். மதுரை வெயில் யாரையும் பார்க்காது. கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்த பிறகு ஒரு டம்ளர். தலை கிறுகிறுத்தால் நிழலில் உட்கார்ந்து முகத்தையும் கழுத்தையும் நனையுங்கள். வியர்வை நின்று உடம்பு கொதித்தால் அதோடு விடாமல், உடம்பு முழுக்க நனைத்துக்கொண்டே 108க்கு போன் போடுங்கள். ஐப்பசி மழையில் சகதியில் வழுக்கி விழ வேண்டாம். அந்த நாட்களில் மொட்டை மாடியோ, மாடிப்படிக்குக் கீழே உள்ள தாழ்வாரமோ போதும். டவுனுக்குள் இருப்பவர்களுக்கு மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வண்டி போகாத சித்திரை வீதிகள் இருக்கின்றன. கொடுத்துவைத்தவர்கள்.

இனி உடம்பு. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் ஆபரேஷன், இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, திடீர் மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் நின்றுவிட்டு 108க்கு போன் போடுங்கள். "வாயுவா இருக்கும், சோடா குடிச்சா போயிரும்" என்று பக்கத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு, இரண்டு நாள் லேசான வலி, இதெல்லாம் பழகுகிற வலி; அளவைக் குறைத்து நடந்தால் போகும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துகிறதென்றால் உள்ளங்கால் சவ்வில் கோளாறு. சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையிலேயே வைத்துக் கெண்டைக்காலை அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு காலுக்கும் மூன்று மூன்று தடவை. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். முழங்கால் தேய்மானம் இருக்கிறது, நடக்கலாமா என்பது என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. சமதரையில், சின்ன அடியாக நடப்பது பெரும்பாலும் நல்லதையே செய்யும். தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலுக்குப் பாரம் குறையும். முட்டி வீங்கினாலோ, மறுநாள் வரை வலி நீடித்தாலோ குறைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடை உங்களுக்கு மிகவும் உதவும். ராத்திரி இட்லிக்குப் பின் மாடியில் நடந்தாலே போதும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்து போகும். பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஷூ போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுக் கல் கிடக்கிறதா என்று பாருங்கள். வந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்துப் பாருங்கள். மரத்துப்போன பாதத்துக்குக் கொப்புளம் தெரியாது.

நடந்தால் இளைப்போமா? அறுபது கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் எட்டி நடந்தால் செலவாவது 100 முதல் 130 கலோரி. நடை முடிந்து டீக்கடையில் ஒரு உளுந்து வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், கூடவே ஒரு பருத்திப்பால் என்றால் கடன். பருத்திப்பாலை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். என் அளவு நோட்டில் பல வருடக் கணக்கு இருக்கிறது. நடக்கத் தொடங்கியவர்களின் இடுப்பளவு முதல் இரண்டு மாதத்தில் பெரிதாக அசைவதில்லை. சாப்பாட்டிலும் கை வைத்தவர்களுக்குத்தான் ஜாக்கெட்டைப் பிடிக்க வேண்டி வருகிறது. ஆனால் கடை மாடிப்படி ஏறி வந்ததும் ஸ்டூலைத் தேடுகிறவர்கள், இரண்டு மாதத்தில் நின்றபடியே பேசுகிறார்கள். எடை மெஷினைத் தினமும் பார்க்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை, அதே சுற்றை, பேச முடிகிற அதே வேகத்தில் நடந்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். நிமிடம் குறைந்தால் தேறியிருக்கிறீர்கள்.

துணை இருந்தால் நல்லதா? எழுந்து கிளம்புவதற்கு நல்லது, வேகத்துக்குக் கெட்டது. கிளம்பும்போது சேர்ந்து போங்கள், குளக்கரைக்கு வந்ததும் அவரவர் வேகத்தில் பிரிந்து நடங்கள், முடித்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து மருமகள் கதையைப் பேசிக்கொள்ளலாம். நடுவில் கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போவது என்று ஒரு வாரம் விட்டுப்போனால் பயப்பட வேண்டாம். இரண்டு படி கீழே இறங்கி, 30 நிமிடம் நடந்தவர் 20இல் தொடங்குங்கள்.

இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகு வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் பலம் கூட்டுகிற பயிற்சியும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நடை கைக்கும் தோளுக்கும் ஒன்றும் செய்வதில்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தடவை. ஜிம் வேண்டாம். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப் பாதைகளை அறிவித்தது. அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கிறவர்கள் வாரம் ஒரு நாள் அதில் பாதி தூரம் போய்ப் பார்க்கலாம். எட்டும் ஒரே நாளில் வேண்டாம். அப்புறம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும் என்று ஆசை எல்லோருக்கும் வரும். அது 14 கிலோமீட்டர். வாரக் கடைசி நடையை மட்டும் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் கூட்டி, ஒரே மூச்சில் பத்து வரை நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். வெறுங்காலோடு வருவதாக வேண்டுதல் இருந்தால் வெயில் இறங்கிய பிறகு தொடங்குங்கள். சர்க்கரைக்காரர்கள் அந்த வேண்டுதலை மட்டும் வேறு ஏதாவதாக மாற்றிக்கொள்ளுங்கள்.